யாரும் தின்னாத பழம்

பிறந்தநாள் கேக்கின் உச்சியில் சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருக்குமே, அதற்காகக் குழந்தைகள் அடித்துக்கொள்ளாத வீடு உண்டா? 'செர்ரி எனக்கு, செர்ரி எனக்கு' என்று மெழுகுவத்தி அணைவதற்குள் நாலு கை நீளும். அந்தச் சண்டையில் ஜெயித்த குழந்தையிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இதுவரை மனசு வந்ததில்லை. நம் ஊர் பேக்கரிகளில் அது பெரும்பாலும் செர்ரியே இல்லை. களாக்காய்!

முள்ளுப் புதரில் காய்க்கிற, கடித்தால் பல் கூசுகிற, ஊறுகாய் போட மட்டுமே லாயக்கு என்று நாம் நினைக்கிற அதே களாக்காய்தான். விதையை எடுத்து, புளிப்புப் போக ஊறவைத்து, சர்க்கரைப் பாகில் முக்கி, சிவப்புச் சாயம் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். ஜாடிக்குள் கிடக்க வேண்டியது கேக்கின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால், ஒரு விளைவு இருக்கிறது. செர்ரி என்றால் நமக்குப் பளபளப்பு, சிவப்பு, தித்திப்பு. இந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் உலகத்தின் மகத்தான நாடகங்களில் ஒன்றை நாம் படித்திருக்கிறோம். ஆன்டன் செகாவின் 'செர்ரித் தோட்டம்'. நானும் அப்படித்தான் இருபது வருஷம் படித்தேன். தப்பாகப் படித்தேன்.

*

தப்பு தெரியவந்தது ஒரு ஜாம் பாட்டிலால். இஸ்தான்புல் போய் வந்த நண்பர் கொண்டுவந்து கொடுத்தார். கறுப்புக்குப் பக்கத்தில் போகிற ஒரு சிவப்பு.

"சும்மா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போடுங்க சார்" என்றார்.

போட்டேன். முதலில் சர்க்கரை. அடுத்த நொடி தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் சுருக்கென்று இழுத்தது. களாக்காயைக் கடித்த அதே இழுப்பு.

"என்னங்க இது, இப்படிப் புளிக்குது?"

"விஷ்னெ. புளிப்பு செர்ரி. அங்கே இனிப்பு செர்ரிக்கு வேற பேரு. ரெண்டையும் ஒரே பேர்ல சொன்னா சிரிப்பாங்க" என்றார்.

விஷ்னெ. இந்தச் சொல்லை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ராத்திரி ஞாபகம் வந்தது. செகாவின் நாடகத்துக்கு ரஷ்ய மொழியில் பெயர் 'விஷ்ன்யோவி சாத்'. சாத் என்றால் தோட்டம். விஷ்னியா என்றால் புளிப்பு செர்ரி. இனிப்பு செர்ரிக்கு ரஷ்யர்கள் வைத்திருக்கும் பெயர் செரெஷ்னியா. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, இரண்டு தனிச் சொற்கள். எலுமிச்சையையும் சாத்துக்குடியையும் நாம் ஒரே பெயரால் அழைப்போமா? ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'செர்ரி'. அந்த வழியாக நமக்கு வந்ததும் ஒரே ஒரு செர்ரி. வரும் வழியில் புளிப்பு சிந்திப்போய்விட்டது.

பாரசீக மொழியிலும் இரண்டு சொற்கள் உண்டு. 1997-ல் கான் விழாவில் தங்கப் பனை விருதைப் பகிர்ந்துகொண்ட அப்பாஸ் கியரோஸ்தமியின் 'டேஸ்ட் ஆஃப் செர்ரி' படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் பாரசீகத் தலைப்பில் இருப்பது கீலாஸ், இனிப்பு செர்ரி. புளிப்புக்கு அவர்கள் ஆல்பாலூ என்கிறார்கள். சாக முடிவெடுத்தவனிடம் 'இந்த ருசியை விட்டுவிட்டா போகப்போகிறாய்?' என்று கேட்கும் படத்துக்கு இனிப்புப் பழம் சரிதான். செகாவ் கையில் எடுத்தது மற்றது. ஏன் என்று கேட்டுக்கொண்டு மறுபடி நாடகத்தைத் திறந்தேன்.

*

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ரனேவ்ஸ்கயா என்கிற சீமாட்டி பாரிஸில் காசையெல்லாம் கரைத்துவிட்டு ஊர் திரும்புகிறாள். பண்ணை கடனில் மூழ்கியிருக்கிறது. ஆகஸ்ட் 22 அன்று ஏலம். அதே பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளை லோபாகின், இப்போது பணக்கார வியாபாரி. அவன் ஒரு யோசனை சொல்கிறான். பழைய வீட்டை இடி, தோட்டத்தை வெட்டு, நிலத்தை மனை மனையாகப் பிரித்துக் கோடை வீடு கட்டுகிறவர்களுக்கு வாடகைக்கு விடு. ஒரு தெசியாத்தினாவுக்கு வருஷம் 25 ரூபிள், மொத்தத்தில் குறைந்தது 25,000 ரூபிள் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறான். தெசியாத்தினா என்பது கிட்டத்தட்ட 2.7 ஏக்கர். வகுத்துப் பார்த்தால் 1,000 தெசியாத்தினா, அதாவது சுமார் 2,700 ஏக்கர் வருகிறது. சீமாட்டியும் அவள் அண்ணன் கயேவும் அதைக் காதில் வாங்குவதே இல்லை. ஏலம் நடக்கிறது. எடுப்பவன் லோபாகின். கடைசியில் எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்ப, தோட்டத்தில் கோடாரிச் சத்தம் கேட்கிறது.

நான் கல்லூரியில் படித்தபோது இது பூக்களின் நாடகம் என்று நினைத்தேன். மாஸ்கோவில் அச்சாகி, இங்கே கைக்காசுக்குக் கிடைத்த சோவியத் புத்தகம் அது. ஜன்னலைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று பூத்த மரங்கள், அதைப் பார்த்து உருகும் ஓர் அழகான பெண், அதை அழிக்க வரும் காசு. அழுதுகொண்டே படித்தேன். பிறகு மேடையில் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது. மேலேயிருந்து வெள்ளைக் காகிதப் பூ கொட்டினார்கள். ஸ்பீக்கரில் கோடாரி விழுந்தது. பக்கத்து சீட்டில் கைக்குட்டை வெளியே வந்தது. என்னுடையதும்தான்.

பழத்தை நான் கவனிக்கவே இல்லை. பழம் இருக்கிறது. முதல் அங்கத்தில், ஐந்தாறு வசனத்துக்குள் வந்து போய்விடுகிறது.

தோட்டத்தையா வெட்டச் சொல்கிறாய், இந்த மாகாணத்திலேயே குறிப்பிடும்படியாக ஒன்று இருக்கிறதென்றால் அது எங்கள் செர்ரித் தோட்டம்தானே என்று சீமாட்டி திகைக்கிறாள். லோபாகின் வியாபாரியாகப் பதில் சொல்கிறான். அதில் விசேஷம் அதன் அளவு மட்டும்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் காய்க்கிறது. காய்த்தாலும் என்ன செய்வதென்று தெரியவில்லை, வாங்க ஆள் இல்லை. கயேவ் உடனே, கலைக்களஞ்சியத்திலேயே எங்கள் தோட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறது என்று பெருமை பேசுகிறான். அப்போது ஃபீர்ஸ் வாயைத் திறக்கிறார்.

ஃபீர்ஸ் 87 வயது வேலைக்காரர். காது சரியாகக் கேட்காது. தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே திரிபவர். அவர் சொல்வது இதுதான். நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செர்ரியை உலர்த்துவார்கள், ஊறவைப்பார்கள், ஊறுகாய் போடுவார்கள், பாகு காய்ச்சுவார்கள். உலர்ந்த பழத்தை வண்டி வண்டியாக மாஸ்கோவுக்கும் கார்கோவுக்கும் அனுப்புவார்கள். காசு கொட்டியது. அந்தப் பழம் அவ்வளவு மெத்தென்று, சாறோடு, இனிப்பாக, வாசனையாக இருக்கும். அப்போது அதற்கு ஒரு பக்குவம் தெரிந்திருந்தது.

அந்தப் பக்குவம் இப்போது எங்கே என்று சீமாட்டி கேட்கிறாள்.

மறந்துபோச்சு, யாருக்கும் ஞாபகம் இல்லை என்கிறார் ஃபீர்ஸ்.

உடனே வேறொருவர் பாரிஸில் தவளை சாப்பிட்டீர்களா என்று கேட்க, பேச்சு மாறிவிடுகிறது. யாரும் திரும்பி அந்த விஷயத்துக்கு வரவே இல்லை. நாமும்தான்.

*

இந்த நாடகத்தின் மையம் அந்தச் சில வரிகள் என்று இப்போது நினைக்கிறேன். அதைப் புரிந்துகொள்ளப் பழத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

புளிப்பு செர்ரி என்பது இனிப்பு செர்ரியும் புல்வெளியில் வளரும் குத்துச்செடி செர்ரியும் இயற்கையாகக் கலந்து பிறந்த கலப்பினம் என்கிறது தாவரவியல். இனிப்பு செர்ரிக்கு 16 குரோமோசோம். இதற்கு 32. குத்துச்செடி தாயாதியிடமிருந்து குளிரைத் தாங்கும் உடம்பு வந்தது. இனிப்பு செர்ரி நடுங்கிச் செத்துப்போகும் மத்திய ரஷ்யக் குளிரில் இது பிழைத்துக்கொள்ளும். பெரிய மரமாக ஓங்காது. ஆலமரம்போல நூற்றாண்டுக் கணக்கில் நிற்கவும் நிற்காது. இருபது முப்பது வருஷம் நன்றாகக் காய்க்கும், அப்புறம் ஓயும். ஒரு தோட்டம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறதென்றால் யாரோ கிழட்டு மரத்தை வெட்டிக் கன்று நட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பழம் சின்னது. தோல் மெல்லிசு. உள்ளே பூராவும் சாறு. பறித்தால் இரண்டு மூன்று நாள்கூடச் சரியாகத் தாங்காது. ஆப்பிளைப்போல வைக்கோலில் பொதிந்து குளிர்காலத்துக்கு வைக்க முடியாது. அப்படியே தின்னலாமென்றால் பத்துப் பழத்துக்குமேல் பல் ஒத்துழைக்காது. கோடையில் சில வாரங்களுக்குள் மொத்தத் தோட்டமும் ஒன்றாகப் பழுத்து நிற்கும். அதற்குள் பறிக்க வேண்டும், கொட்டை எடுக்க வேண்டும், வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் மாற்றி மாற்றி உலர்த்த வேண்டும், பாகு காய்ச்ச வேண்டும். ரஷ்ய வீடுகளில் பெண்கள் கொண்டை ஊசியால் ஒவ்வொரு பழமாகக் கொட்டையைத் தோண்டி எடுப்பார்கள். முழங்கை வரை சிவப்பு வழியும்.

ஆக, இது மரத்திலிருந்து நேரே வாய்க்குப் போகிற பழமே இல்லை. நடுவில் ஆயிரம் கைகள் வேண்டும். கைகள் இல்லாவிட்டால் வெறும் பூ, அப்புறம் அழுகல்.

இப்போது ஃபீர்ஸின் கணக்கைப் போடுங்கள். நாடகம் 1903-ல் எழுதப்பட்டது. நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் என்றால் 1853-லிருந்து 1863-க்குள். அதற்கு நடுவில் நிற்கிறது 1861. ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்ட வருஷம்.

பக்குவம் எப்படி மறந்துபோனது என்று புரிகிறதா? சமையல் குறிப்பு எழுதிய தாள் தொலைந்துபோகவில்லை. அதைச் செய்த கைகள் பண்ணையை விட்டுப் போய்விட்டன. அது எந்தக் காலத்திலும் சீமாட்டி வீட்டு அலமாரியில் இருந்ததில்லை. நாம் கைப்பக்குவம் என்கிறோமே, அந்தச் சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. பக்குவம் கையில்தான் இருக்கிறது. கை போனால் அதுவும் போகும்.

இதை ஃபீர்ஸ் வாயால் சொல்லவைத்ததுதான் செகாவின் சாமர்த்தியம். இரண்டாம் அங்கத்தில் இதே கிழவர், அந்தக் கேடு வருவதற்கு முன்னால் ஆந்தை அலறியது என்று பேசுவார். எந்தக் கேடு என்று கேட்டால் விடுதலை என்பார்! அந்த நாளில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், எதற்கென்று அவர்களுக்கே தெரியவில்லை என்பது அவர் கட்சி. அவர் எஜமானரை விட்டுப் போகவில்லை. ஒரு பழைய அடிமை, தன் அடிமைக் காலத்தின் பழம் எவ்வளவு இனிப்பு என்று உருகுகிறார். இது சிரிப்பா, அழுகையா? இன்றைக்கும் எனக்கு முடிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அந்தப் பழம் இனித்தது பொய்யில்லை. யாருடைய உழைப்பில் இனித்தது என்பதும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே கிழவரின் முணுமுணுப்பில் வைத்துவிட்டு செகாவ் ஒதுங்கிக்கொள்கிறார்.

*

இன்னொரு விஷயம். காலண்டரைப் பாருங்கள். முதல் அங்கம் மே மாதம், செர்ரி பூத்திருக்கிறது, வெளியே குளிர். மூன்றாம் அங்கம் ஏலம் நடக்கும் ஆகஸ்ட் 22. நான்காம் அங்கம் அக்டோபர், கோடாரி. அங்கே புளிப்பு செர்ரி பழுப்பது இரண்டுக்கும் நடுவில், கோடையில். அந்தக் கோடையின் ஒரு மாலைப்பொழுது இரண்டாம் அங்கமாக முழுசாக வருகிறது. பேசுகிறார்கள், பாடுகிறார்கள், காதலிக்கிறார்கள், கடனைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். பழம் பறிக்கப் போகலாமா என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நாலு அங்கத்திலும் ஒரே ஒரு செர்ரிப் பழத்தைக்கூட யாரும் வாயில் போடுவதில்லை. வெள்ளரிக்காய் தின்கிறார்கள். செர்ரி தின்பதில்லை!

பூவைப் பார்த்து அழுகிறார்கள், மரத்தை வெட்டினால் அழுகிறார்கள். நடுவில் இருக்கும் பழம் அவர்கள் கண்ணில் படவே இல்லை. அழகும் வேண்டும், ஞாபகமும் வேண்டும், வேலை மட்டும் வேண்டாம் என்கிற ஒரு வர்க்கத்தை இதைவிட அமைதியாகக் காட்ட முடியுமா?

த்ரோஃபிமோவ் என்கிற மாணவன் இதையே வெளிப்படையாகப் பேசுகிறான். உன் தாத்தாவும் முப்பாட்டனும் மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர்கள், தோட்டத்தின் ஒவ்வொரு மரத்திலிருந்தும் அந்த மனிதர்கள் உன்னைப் பார்ப்பது தெரியவில்லையா என்று ஆன்யாவிடம் கேட்கிறான். பலரும் மேற்கோள் காட்டுகிற பேச்சு. எனக்கு அது கொஞ்சம் உரக்கக் கேட்கிறது. மேடைப் பேச்சு. ஃபீர்ஸ் நாலு வரியில், தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னதை, இவன் விளக்கவுரையாகத் திருப்பிச் சொல்கிறான். நாடகத்தில் பலவீனமான இடம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். செகாவும் அவனை முழுசாக நம்பவில்லை என்பது ஒரு ஆறுதல். அவ்வளவு பேசியவனைக் கடைசி அங்கத்தில் தன் ரப்பர் செருப்பைத் தேடி அலையவிடுகிறார்.

*

முதலில் இந்தத் தோட்டத்தைப் பூவாக மட்டும் பார்த்தவர்களில் ஒருவர் சாதாரண ஆளில்லை. நாடகத்தை மேடையேற்றிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கி.

தன் வாழ்க்கைக் கதையில் அவர் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். செகாவ் ஒருநாள் குஷியாக, தலைப்புக் கிடைத்துவிட்டது என்று சொல்லி, 'வீஷ்னெவி சாத்' என்றாராம். இதில் என்ன விசேஷம் என்று இவருக்குப் புரியவில்லை. சில நாள் கழித்து செகாவ் மறுபடி வந்து, 'வீஷ்னெவி இல்லை, விஷ்ன்யோவி' என்று அழுத்தத்தை மாற்றிச் சொல்லிவிட்டுச் சிரித்தாராம். அப்போதுதான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கு விளங்கியது. முதல் உச்சரிப்பு வருமானம் தரும் வியாபாரத் தோட்டம். இரண்டாவது வருமானம் தராத, பழைய பிரபு வாழ்க்கையின் கவிதையைத் தன் வெள்ளைப் பூவில் வைத்திருக்கிற தோட்டம்.

அழகான விளக்கம். நானும் பல கூட்டங்களில் இதைச் சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் பாருங்கள், இதில் பாதிதான் இருக்கிறது. வியாபாரத் தோட்டம் எப்படிக் கவிதைத் தோட்டமானது? வேலை செய்தவர்கள் போனதால். அந்த அழுத்த மாற்றத்துக்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கி கவிதையைக் கேட்டார், சரித்திரத்தை விட்டுவிட்டார். அதனால்தான் நாடகம் சோகமாகிவிட்டது. 1904 ஜனவரியில், பழைய ரஷ்யக் காலண்டர்படி 17-ம் தேதி, செகாவின் பிறந்தநாளன்று, மாஸ்கோ கலை அரங்கில் முதல் காட்சி. செகாவ் எழுதிய அட்டையில் 'நாலு அங்கக் காமெடி' என்று இருந்தது. 12 நிமிஷத்தில் முடிய வேண்டிய கடைசி அங்கத்தை 40 நிமிஷம் இழுக்கிறார்கள், என் நாடகத்தைக் கெடுத்துவிட்டார் என்று மனைவிக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார் செகாவ். அந்த மனைவி ஓல்கா நிப்பர்தான் மேடையில் ரனேவ்ஸ்கயா! லோபாகின் வேஷத்தை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே போட வேண்டும் என்று செகாவ் ஆசைப்பட்டார். அவரோ கயேவ் வேஷத்தை எடுத்துக்கொண்டார். வியாபாரியை விட்டுவிட்டுப் பிரபுவைத் தேர்ந்தெடுத்தார். நூறு வருஷத்துக்கு மேலாக ரசிகர்களாகிய நாமும் அதைத்தானே செய்துவருகிறோம்?

அதே வருஷம் ஜூலையில் ஜெர்மனியின் பாடன்வைலரில் செகாவ் இறந்தார். 44 வயது. சண்டையைத் தொடர ஆள் இல்லை.

*

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் உண்டு. இவான் புனின். 1933-ல் நோபல் பரிசு வாங்கியவர், செகாவின் நண்பர், நொடித்துப்போன நிலப்பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. இந்த நாடகத்தை அவருக்குப் பிடிக்காது. காரணம் இலக்கியம் இல்லை, விவசாயம். ரஷ்யாவில் எங்கேயும் முழுக்க முழுக்கச் செர்ரி மட்டுமே இருக்கும் பிரபுத் தோட்டம் கிடையாது என்றார். பெரிய தோட்டத்தில் ஒரு பகுதியில்தான் செர்ரி இருக்கும். மரமும் கோணல்மாணல், இலையும் சின்னது, பூவும் சின்னது, கலை அரங்கத்தின் மேடையில் பூத்த மாதிரியெல்லாம் பூக்காது என்றார். சொந்தக்காரி கிளம்பக்கூட இல்லை, அதற்குள் எந்த வியாபாரியாவது காசு தரும் மரத்தை அவசரமாக வெட்டுவானா என்றும் கேட்டார்.

இந்தப் புகாரை ரசிகர்கள் ஒரு கிராமத்துப் பெரிசின் முணுமுணுப்பாக ஒதுக்கிவிடுகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். மரத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. புளிப்பு செர்ரி ஒரு சாதாரண, குள்ளமான, குடிசையோரத்து மரம். உக்ரைனின் மகாகவி தாரஸ் ஷெவ்சென்கோ 1847-ல் பீட்டர்ஸ்பர்க் சிறையில் இருந்துகொண்டு ஒரு செர்ரித் தோட்டத்தைப் பாடினார். அது குடிசையை ஒட்டிய தோட்டம். வயலிலிருந்து திரும்பியவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் இடம். ஷெவ்சென்கோ அடிமையாகப் பிறந்து 1838-ல் விலை கொடுத்து மீட்கப்பட்டவர். அவர் தோட்டத்தில் மரத்தை வளர்த்தவர்களே அதன் நிழலில் சாப்பிடுகிறார்கள்.

புனின் கவனிக்காதது இது. குடிசையோரத்து மரத்தை 2,700 ஏக்கர் பண்ணைக்குள் கொண்டுபோய்ப் பிரமாண்டமாக நட்டது செகாவின் அறியாமையாக இருக்க முடியாது. 1892-லிருந்து 1899 வரை மெலிகோவோ பண்ணையில் கையில் மண் ஒட்ட மரம் நட்டவர் அவர். அவருக்கா தெரியாது? நாலைந்து மரமாக வீட்டோரம் நின்றால் ஒரு குடும்பமே பறித்து, உலர்த்தி, தின்று தீர்க்கும். அதையே கண்ணுக்கெட்டிய தூரம் நட்டால், அடிமைகள் இல்லாமல் ஒரு கோடைகூட நிர்வகிக்க முடியாது. அந்த அளவே நாடகத்தின் வாதம். விசேஷம் அதன் அளவு மட்டும்தான் என்று லோபாகின் சொன்னது இதைத்தான்.

வெட்டின அவசரத்துக்கும் பதில் இருக்கிறது. லோபாகினின் அப்பாவும் தாத்தாவும் அந்த வீட்டின் சமையலறைக்குள்கூட அனுமதிக்கப்படாதவர்கள். கடனுக்கு மேல் 90,000 ரூபிள் கூட வைத்து ஏலம் எடுத்தவனிடம் போய் நல்ல வியாபாரியைத் தேடினால் எப்படி? அந்தக் கோடாரி வியாபாரம் பார்த்து விழவில்லை.

அதற்காக லோபாகினை நாயகனாக்கவும் எனக்கு இஷ்டமில்லை. பக்குவம் தெரிந்த கைகளின் வாரிசு அவன். அவனுக்கும் அது தெரியாது. தேடவும் இல்லை. மனைக்கட்டு மட்டும்தான் தோன்றியது. அவர்களுக்குப் பூ, இவனுக்கு நிலம். பழம் இரண்டு பேருக்குமே இல்லாமல் போனது.

செகாவ் எந்தப் பக்கம்? அவர் தாத்தாவே பண்ணையடிமை. 1841-ல் காசு கொடுத்துக் குடும்பத்தை மீட்டவர். அப்பா தகன்ரோகில் மளிகைக் கடை வைத்து 1876-ல் நொடித்து ஊரைவிட்டு ஓடினார். அந்த வீட்டை வாங்கிக்கொண்டது, உதவுகிறேன் என்று சொல்லிக் கூடவே குடியிருந்த ஒருவர். 16 வயது ஆன்டன் பறிபோன அதே வீட்டில் தங்கிப் படித்தான். அடிமையின் பேரனும் அவர்தான், வீட்டை இழந்தவரும் அவர்தான். தீர்ப்புச் சொல்ல அவரால் எப்படி முடியும்? அதனால்தான் இனிப்புப் பழம் அவருக்கு உதவவில்லை என்று நினைக்கிறேன்.

*

கடைசிக் காட்சிக்கு வருவோம். எல்லோரும் போய்விட்டார்கள். கதவுகள் பூட்டப்பட்டுவிட்டன. ஃபீர்ஸை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது என்று ஒவ்வொருவரும் இன்னொருவரை நம்பி விட்டுவிடுகிறார்கள். கிழவர் உள்ளே இருந்து வருகிறார். கதவை இழுத்துப் பார்க்கிறார். சோபாவில் படுத்துக்கொள்கிறார். வெளியே கோடாரி.

முன்பெல்லாம் அந்த இடத்தில் மரங்களுக்காக அழுவேன். போன மாதம் மறுபடி படித்தபோது வேறொன்று தோன்றியது. உலர்ந்த செர்ரி எப்படி இருக்கும் என்று நாக்கில் ஞாபகம் வைத்திருக்கும் கடைசி ஆள் அவர். ருசியாவது அவரிடம் மிச்சம் இருந்தது. அவரைத்தான் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள், யாரும் வேண்டுமென்று செய்யாமல்.

நாடகத்தை ஏற்கெனவே படித்தவர்கள் முதல் அங்கத்தை மட்டும் இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து பூவைக் காட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், தவளைப் பேச்சு வருமே, அதற்கு மேலே ஐந்தாறு வரி. மெதுவாகப் படியுங்கள்.

நண்பர் கொடுத்த பாட்டிலில் இன்னும் கால்வாசி இருக்கிறது. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "புளிக்குதுப்பா" என்று மகள் தள்ளிவிட்டாள். கேக் மேல் இருக்கிற செர்ரிதான் நல்ல செர்ரியாம்.